காதர் பாயின் அடுப்பும் என் பாக்கெட்டில் இருந்த துணியும்

சேவூரில் என் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை வாயால் ஊதி எடுத்துக்கொண்டிருந்தபோது வசந்தாமணியின் ஃபோன் வந்தது. பெருமாநல்லூரில் நான் பேக்கிங் மேனேஜராக இருந்த பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்த பெண் அவள். நான் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் என்னை மேனேஜர் என்றுதான் அழைப்பாள்.

"காதர் பாய் மவுத்தாயிட்டாருங்க மேனேஜர். மத்தியானத் தொழுகைக்கப்புறம் அடக்கமாமுங்க. நீங்க வருவீங்கதானுங்க?"

வருகிறேன் என்றேன். குழாயை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குச் சிறுநீரகம் கெட்டு இரண்டு ஆண்டுகளாகியிருந்தது. இப்படி ஒரு ஃபோன் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒரு வேலை என்னிடம் இருந்தது. இனி அதை அவர் உயிரோடு இருக்கையில் செய்ய முடியாது.

அடக்கத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். வரிசையில் நின்று எல்லோரையும்போல மூன்று கைப்பிடி மண் போடக் குனிந்தேன். பின்னால் நின்ற ஒருவர், பெருமாநல்லூர்க்காரர்களான உங்களுக்கும் தெரிந்தவர்தான், பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "தங்கமான மெக்கானிக்குங்க. அந்த மயக்க அடுப்பு வெசயம் மட்டும் இல்லீன்னா இன்னும் எங்கியோ போயிருப்பாரு." என் கையில் மண் இருந்தது. திரும்பிப் பார்த்து, அது அவர் தப்பில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். எட்டு வருடங்களுக்குப் பிறகும் நான் மறுபடி வாயை மூடிக்கொண்ட இடம் அது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களில் பாதிப்பேர் அவரை மயக்க அடுப்பு பாய் என்று அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தவர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்கு நடந்தது தெரியாது. எனக்குத் தெரியும்.

காதர் பாய் தையல் மெஷின் மெக்கானிக். எங்கள் கம்பெனி ஆள் அல்ல, கூப்பிட்டால் வருவார். பெருமாநல்லூர் சுற்று வட்டாரத்தில் ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின் எது மக்கர் செய்தாலும் அவருடைய பழைய மொபெட் வந்து நிற்கும். வந்தவுடன் மெஷினைத் தொடமாட்டார். ஓட்டச் சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் உடம்பில் வைத்துக் கைப்பிடியைத் தன் காதில் வைத்துக் கேட்பார். ஒரு முறை, ஆர்டர் அவசரத்தில் நான், "பாய், டாக்டர் வேலையெல்லாம் அப்புறம் பாக்கலாம், மொதல்ல கழட்டுங்க" என்று கத்தினேன். அவர் காதை எடுக்காமலே, "மெஷினு சொல்லி முடிக்கட்டுமுங்க. அப்புறமா நீங்க சொல்லுங்க, கேக்கறேன்" என்றார். பக்கத்தில் இருந்த டெய்லர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கோபம்தான்.

எங்கள் கம்பெனியில் குழந்தைகளுக்கான வெள்ளைப் பனியன்கள் தைத்தோம். தைக்கும்போது எண்ணெய்க் கறை படும். கறை பட்டவற்றைத் தனியாகப் பிரித்து அலசி, உலர்த்தி, அயர்ன் செய்து பெட்டியில் போட வேண்டும். வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. ஐப்பசி மழையில் மூன்று நாளானாலும் ஈரம் போகாது. ஈரத்தோடு பெட்டியில் போனால் கப்பலில் பூஞ்சை பிடித்துவிடும். எட்டு வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பின்னால் இருந்த தகரக் கூரை அறையில் இரும்புச் சட்டிகளில் கரி போட்டுப் பார்த்தோம். துணியெல்லாம் கரி வாடை. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். மெஷின் பார்க்க வந்த காதர் பாய் அந்தச் சட்டிகளைப் பார்த்து, "இது ஆளையே உலத்திப்போடுமுங்க" என்று சொல்லி அவற்றை வெளியே தூக்கி வைக்கச் சொன்னார். பிறகு, "ஒரு பழைய ஆயில் டிரம்மு குடுங்க, நான் ஒண்ணு கட்டித் தாரேன்" என்றார்.

அவர் எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, "அடுப்பும் மெஷினுதானுங்க, காத்துல ஓடுற மெஷினு" என்றார். படுத்த வாக்கில் ஒரு செங்கல் சுரங்கம். அதன் கடைசியில் நேர்மேலே எழும் ஒரு செங்கல் குழாய். அந்தக் குழாயின் மேல் டிரம்மைக் கவிழ்த்துவிடுவார். விறகின் நுனி மட்டும் சுரங்கத்துக்குள் எரியும். தீ குழாயில் ஏறி டிரம்மின் தலையில் மோதி, பக்கவாட்டில் இறங்கி, அடியில் உள்ள தகரக் குழாய் வழியாகச் சுவரைத் தாண்டி வெளியே போகும். டிரம் காய்ந்து அறையைச் சூடாக்கும். புகை துணியைத் தொடவே தொடாது. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது.

முதல் முறை கட்டியபோது சுரங்கத்தைச் சிமெண்டில் பூசினார். இரண்டாம் நாளே வெடித்துப் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் முகம் வாடவில்லை. "சிமெண்டு ஊடு கட்டத்தானுங்க" என்று எல்லாவற்றையும் இடித்துவிட்டு, செம்மண்ணில் உமியும் உமிச் சாம்பலும் பிசைந்து மறுபடி கட்டினார். அடுத்தது புகை. பற்றவைத்தால் விறகு வைக்கும் வாய் வழியாகவே திரும்பி வந்தது. நாங்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடினோம். முதலாளி புகைபோக்கியை இன்னும் பத்தடி உயர்த்தச் சொன்னார். காதர் பாய் சட்டைப் பையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்தார். அதைக் கொளுத்தி அடுப்பு வாய், டிரம்மின் அடி, குழாய் இணைப்பு என்று ஒவ்வோர் இடமாகப் பிடித்து, அந்த நூல் போன்ற புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். டிரம்மைத் தூக்கச் சொன்னார். உள்ளே செங்கல் குழாயின் தலைக்கும் டிரம்மின் மூடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. ஒரு வரிசைச் செங்கல்லை எடுத்து அதை நான்கு விரல் ஆக்கினார். மறுபடி ஊதுபத்தியைக் காட்டினார். புகையை அடுப்பின் வாய் சரக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

குளிர்ந்த காலையில் அடுப்பு சண்டித்தனம் செய்யும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நூல் சுற்றி வரும் காகிதக் கோன் ஒன்றைப் புகைபோக்கியின் அடியில் உள்ள சின்னக் கதவு வழியாக வைத்து எரிப்பார். குழாய் சூடானதும் காற்று மேலே ஓட ஆரம்பிக்கும், பிறகு விறகு. திருப்பூரில் காலிக் கோனுக்கா பஞ்சம்? நான்கு வேலிக்காத்தான் கட்டைகளில் அடுப்பு அரைநாள் ஓடியது. முதலாளியின் மூலனூர் உறவினர் ஆசையாக ஒரு வண்டி முருங்கைக் கட்டை அனுப்பினார். காதர் பாய் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எரியாதுங்க, அழுவும்" என்று திருப்பி வைத்தார். வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பார். "கொழாய் வாயில புகையே தெரியலீன்னாத்தான் அடுப்பு நல்லா எரியுதுன்னு அர்த்தமுங்க" என்பார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த மூன்று வாரங்கள்தான். நான்கு கம்பெனிகளிலிருந்து வந்து பார்த்து, எங்களுக்கும் ஒன்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கட்டி முடித்த அன்று என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார். "சன்னல் ஒரு சாண் தெறந்தே இருக்கோணுமுங்க. கீழ செவுத்துல ரெண்டு செங்கல் எடுத்து வுட்டிருக்கறேன், அதையும் மூடக்கூடாதுங்க. அடுப்புக்கு மூச்சு அங்கிருந்துதானுங்க வருது." நான் சரி என்றேன். கையில் இருந்த பேக்கிங் லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் அடுத்துச் செய்தது புரியும். வெள்ளைத் துணி என்றால் நமக்கு ஒரே எதிரி தூசி. எங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அரை நாள் வெயில் காய்ந்தாலும் போதும், புழுதி கிளம்பி அந்த ஒரு சாண் ஜன்னல் வழியாக வந்து கொடியில் தொங்கிய பனியன்களில் படிந்தது. உலர்த்தியதை மறுபடி அலச வேண்டியதாயிற்று. நான் வசந்தாமணியைக் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, இடுக்கு, ஓட்டை எல்லாவற்றிலும் கட்டிங் வேஸ்ட் துணியைத் திணிக்கச் சொன்னேன். "பாய் தெறந்து வெக்கச் சொன்னாருங்களே" என்றாள். "பாயா ஷிப்மெண்ட் அனுப்பப்போறாரு? சொன்னதைச் செய்யி" என்றேன். நறுவிசான பெண் அவள். ஒரு ஊசி போகாத அளவுக்கு அடைத்துவிட்டாள்.

இரண்டு நாள் செக்கிங் பெண்கள் தலைவலி என்றார்கள். துணி திருப்பிப் போட உள்ளே போகிறவர்கள், மழைக் குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அங்கேயே உட்கார்ந்து சாப்பிடவும் ஆரம்பித்திருந்தார்கள். மழைக்காலச் சளிதான் என்று முதலுதவிப் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தேன். நானே என் கையால் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் ரீனா என்ற ஒடிசாப் பெண் அந்த அறையில் சுவரில் சாய்ந்தபடி மயங்கிக் கிடந்தாள். துணி திருப்பிப் போடப் போன இன்னொரு பெண்ணின் அலறல் கேட்டு ஓடினேன். ஃபிளாட்லாக் மெஷின் பார்க்க வந்திருந்த காதர் பாய் எனக்கு முன்னால் ஓடிக் கதவை அகலத் திறந்து, அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போனார். அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, எரிந்த கட்டைகளை இடுக்கியால் வெளியே எறிந்துவிட்டு, நனைந்த சட்டையிலிருந்து ஊதுபத்தியை எடுத்தார். அது பற்றவில்லை. சுவர் மாடத்தில் வேறொன்று வைத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு அதை அடுப்பின் வாயில் பிடித்தார். புகை உள்ளே போகாமல் அவர் முகத்துக்கே வந்தது. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரால் ஒரு இடுக்கிலிருந்து துணிச்சுருளைக் குத்தி இழுத்தார். பிறகு இன்னொன்று, பிறகு கீழே இருந்த ஓட்டை. மறுபடி ஊதுபத்தியைப் பிடித்தார். புகை திரும்பி வாய்க்குள் போனது. மூச்சு கிடைக்காத அடுப்பு, கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவை அறைக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இதை நான் பக்கத்தில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவர் கடைசியாக இழுத்த துணிச்சுருளை என் கையில் வைத்தார். "மொதலாளி வர்றாருங்க. நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார். நான் அதைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

முதலாளி வந்தார். பயத்தில் இருந்தார். பயந்த மனிதர் கத்துவது போலக் கத்தினார். "எப்புடி ஆச்சு? ஆரு என்ன பண்ணுனீங்க?" செக்கிங் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முதலாளி பெண்களின் பக்கம் திரும்பினார். "அடுப்ப நோண்டுனது ஆருன்னு சொன்னாச் செரி, இல்லீன்னா எல்லாரும் கணக்க முடிச்சுட்டுக் கெளம்புங்க!" வசந்தாமணி ஓரடி முன்னால் வந்தாள். அவள் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் அடுப்பெரித்தது. "நாந்தானுங்க..." என்று அவள் வாயெடுத்துவிட்டாள்.

"ஏனுங்க அவிகளை மெரட்டறீங்க?" என்று காதர் பாயின் குரல் அதன் மேல் விழுந்தது. "டிரம்மு ஜாயிண்டுல விட்டுப்போச்சுங்க. என்ற வேலைல கொறை. இந்தப் புள்ளைக ஒண்ணும் பண்ணலீங்க."

அவ்வளவுதான். முதலாளி அவரை அன்றே இனி வரவேண்டாம் என்றார். அடுப்பை இடித்து எறிந்தார்கள். ரீனா மூன்றாம் நாள் நல்லபடியாகத் திரும்பி வந்தாள். அவருக்குத்தான் பெயர் போய்விட்டது. ஒன்று கட்டித் தரச் சொன்ன நான்கு கம்பெனிகளும் வேண்டாம் என்றன. சிலர் மெஷின் வேலைக்கும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். டீக்கடையில் அவர் தலை தெரிந்தால், "பாய் வர்றாரு, மூக்கப் பொத்திக்கங்க" என்று கேலி. நானும் அந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம், வேலை போயிருந்தால் அதுவும் நின்றுபோயிருக்கும் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பின்னால் செய்துகொண்ட கணக்கு. அந்த நிமிடத்தில் இருந்தது வெறும் பயம்.

ஆறு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்துக் கண் கலங்கி நன்றி சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்களுக்காகச் சொல்லலீங்க மேனேஜர். நீங்க சொல்லுவீங்கன்னுதான் நின்னேன். நீங்க வாயே தொறக்கலீங்க. அந்தப் புள்ள தொறந்துருச்சு. அது வேல போகக்கூடாதுன்னு சொன்னேனுங்க."

என்னை அவர் கடிந்து பேசியது அந்த ஒரு முறைதான். நான் எழுந்து போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்ததைப் பார்த்து அவரே எழுந்து, "வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று கொல்லைக்குக் கூட்டிப்போனார். அங்கே புதிதாக ஓர் அடுப்பு கட்டியிருந்தார். டிரம் ஒரு சின்ன அறைக்குள் இருந்தது. விறகு வைக்கும் வாய் சுவருக்கு வெளியே, திறந்த வெளியில் இருந்தது. "இப்ப ரூமை எப்புடி அடைச்சாலும் அடுப்புக்கு மூச்சு வெளியில இருந்து வந்துருமுங்க. சன்னலை நம்பி அடுப்புக் கட்டுனது என்ற தப்பு. வெள்ளத்துணி இருக்கற எடத்துல ஆராச்சும் அடைக்கத்தான் செய்வாங்கன்னு நான் நெனச்சிருக்கோணும். அதனால மொதலாளிகிட்ட நாஞ்சொன்னது முழுப் பொய்யில்லீங்க." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பழைய சந்தோஷம் கொஞ்சம் தெரிந்தது. அந்த அடுப்பைப் பார்க்க ஒரு கம்பெனியிலிருந்தும் ஆள் வரவில்லை. அவர் மனைவி கூலிக்கு வாங்கி வீட்டில் பிசிர் நூல் வெட்டிக்கொடுக்கும் துணிகளும், மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் துணிகளும் அந்த அறையில் காய்ந்தன.

கடைசியாகப் பார்த்தது மூன்று மாதங்களுக்கு முன். கட்டிலில் பாதியாக இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை எல்லோரிடமும் சொல்லிவிடப்போகிறேன் என்றேன். கண்ணைத் திறக்காமலே, "என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அன்றே டீக்கடைக்குப் போயிருந்தால், முதலாளியைப் பார்த்திருந்தால், அவர் காதுக்கு அது எட்டியிருக்கும். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அடுத்த வாரம் போகலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். 

இதுவரை எழுதியதை முதலில் வசந்தாமணியிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள். "நான் அடைச்சதாலதான் பாய்க்கு அந்தப் பேருன்னு இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தேனுங்க. ரம்ஜானுக்குக் கஞ்சி குடுத்துவுடுவாருங்க, அதக்கூட என்னால வாங்கிக் குடிக்க முடியாது. நீங்க சொல்லித்தான அடைச்சேன்னு எனக்கு ஒருநாளும் தோணலீங்களே மேனேஜர்."

என் மௌனத்தை இன்னொருத்தியும் எட்டு வருடம் சுமந்திருக்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

காதர் பாயிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு பொருள். பனியன் கழுத்துக்குத் தைக்கும் வெள்ளை ரிப் துணியில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுருள், ஒரு நுனி புகை படிந்து பழுத்திருக்கும். முதலாளி கேட்டபோது அது என் பாக்கெட்டில் இருந்தது. அதன் பிறகு என் பீரோவில், வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. நாளை அதைப் பெருமாநல்லூருக்குக் கொண்டுபோய் முதலாளியின் மேசைமேல் வைக்கப்போகிறேன். அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை உங்கள் எல்லோர் முன்னாலும் இப்போது சொல்கிறேன். ஜாயிண்ட் விடவில்லை. அடைக்கச் சொன்னது நான்.